குடி நின்ற வீட்டில் நிற்காத அடி

"குடிக்கலைன்னா தங்கமான மனுஷன்." புருஷனிடம் அடி வாங்கிய மும்பைத் தமிழ்ப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். தாராவியின் ஒற்றை அறைக் கோலியிலும் வரும், டோம்பிவிலியின் ஒன் ரூம் கிச்சன் பிளாட்டிலும் வரும். மாமியார் இதையே சொல்லி மருமகளைச் சமாதானப்படுத்துவார். ஊரிலிருந்து போன் போடும் அண்ணன் இதையே சொல்லித் தங்கையைத் திருப்பி அனுப்புவார். போலீஸ் ஸ்டேஷனில் ஹவல்தார் மராத்தியில் சொல்வதும் இதைத்தான். எல்லோரும் ஒத்துக்கொள்கிற இந்தப் பேச்சுக்குள் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது: அடிப்பது சாராயம், மனிதன் வெறும் கருவி, சாராயத்தை எடுத்துவிட்டால் அடியும் போய்விடும்.

இந்தக் கோட்பாட்டில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பித்தான் பெண்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) இந்தியா முழுவதும் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களிடம் கணவனின் வன்முறை பற்றியும் கணவனின் குடி பற்றியும் கேட்டது. அடிக்கடி போதையில் வரும் கணவனைக் கொண்ட பெண்களில் 70 சதவீதம் பேர் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காத கணவனைக் கொண்டவர்களில் 23 சதவீதம். மேடைகளில் முதல் எண்ணுக்குத்தான் அழுத்தம். 70 எங்கே, 23 எங்கே, குடிதானே காரணம் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு இரண்டாவது எண்தான் அதிகம் உறுத்துகிறது. ஒரு சொட்டும் தொடாத ஆண்களின் வீட்டில், கிட்டத்தட்ட நாலில் ஒரு பெண்ணுக்கு அடி விழுந்திருக்கிறது. இந்த நாட்டில் குடிக்காத ஆண்கள்தான் பெரும்பான்மை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடிபட்ட பெண்களில் பெரும்பங்கினரின் வீட்டில் குடியைக் குற்றம் சொல்லவே வழியில்லை.

அதே ஆய்வில் மகாராஷ்டிரத்தின் இரண்டு பக்கத்து மாநிலங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கோவாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 37 சதவீதம் பேர் குடிக்கிறார்கள். கணவனின் வன்முறையைச் சொன்ன பெண்கள் 8 சதவீதம். கர்நாடகத்தில் குடிக்கும் ஆண்கள் 17 சதவீதம்கூட இல்லை. வன்முறையைச் சொன்ன பெண்கள் 44 சதவீதம். தமிழ்நாட்டில் குடி 25, வன்முறை 38. மகாராஷ்டிரத்தில் குடி 14, வன்முறை 25. எங்கே பெண்கள் வாய் திறக்கிறார்கள், எங்கே மறைக்கிறார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் இந்த எண்களை அப்படியே தராசில் போட முடியாது. ஆனாலும் சாராயம் ஓடும் அளவுக்கு அடியும் ஓடும் என்ற எளிய கணக்கு இங்கே உடைகிறது. ஒரு வீட்டுக்குள் பார்த்தால் குடியும் அடியும் கைகோத்து நிற்கின்றன. மாநிலங்களை ஒப்பிட்டால் கை விலகிவிடுகிறது. நடுவில் வேறொன்று இருக்கவேண்டும். மனைவியை அடிக்கலாம் என்று ஒரு சமூகம் எவ்வளவு தூரம் ஒத்துக்கொள்கிறது என்பதுதான் அது என்பேன்.

சாராயம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் 'பொறு, நாளைக்கு என்ன ஆகும் பார்' என்று நம்மைத் தடுக்கிறது. மது முதலில் மந்தப்படுத்துவது அதைத்தான். 1990-ல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை மதுவினால் வரும் கிட்டப்பார்வை என்று விளக்கினார்கள். போதையில் இருப்பவனுக்குக் கண்முன் இருக்கும் எரிச்சல் மட்டும் பெரிதாகத் தெரியும். குழந்தை பார்க்கிறது, பக்கத்து வீட்டில் கேட்கும், நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் பார்வையை விட்டு விலகிவிடும். சோற்றில் உப்புக் குறைந்தது உலகத்திலேயே பெரிய விஷயமாகிவிடும்.

இது ஒரு பக்கம். 1975-ல் ஆலன் லாங்கும் உடன் பணிபுரிந்தவர்களும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு மது கொடுத்து அதை வெறும் டானிக் தண்ணீர் என்றார்கள். சிலருக்கு வெறும் டானிக் தண்ணீரைக் கொடுத்து மது என்றார்கள். பிறகு அவர்களில் சிலரைச் சீண்டிவிட்டு, எதிராளிக்கு எவ்வளவு பலமாக மின் அதிர்ச்சி கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். குடித்திருக்கிறோம் என்று நம்பியவர்கள்தான் அதிகம் தாக்கினார்கள், உள்ளே போனது தண்ணீராக இருந்தாலும். பின்னால் வந்த ஆய்வுகள் மதுவின் நேரடி விளைவையும் உறுதி செய்தன. ஆகவே நம்பிக்கை மட்டுமே எல்லாம் என்று சொல்ல முடியாது. ஆனால் குடித்தவன் இப்படித்தான் நடப்பான் என்று ஊர் எதிர்பார்ப்பதே அவனுக்கு ஒரு அனுமதிச் சீட்டாகலாம் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

டோம்பிவிலியில் ஒரு சாதாரண மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களுக்கு மாதம் ஏழாம் தேதியிலிருந்து பத்தாம் தேதிக்குள் பகார், அதாவது சம்பளம், கைக்கு வரும். ஷிப்ட் முடிந்து தேசி பாரிலோ பெர்மிட் ரூமிலோ ஒரு குவார்ட்டர். வெயிட்டர் பில்லை நீட்டினால் குடித்தவர் எண்ணிக் கொடுக்கிறார். ஸ்டேஷன் அருகே ரிக்‌ஷா வரிசையில் தன் முறைக்கு நிற்கிறார். வழியில் போலீஸ் வண்டி நின்றால் தலையைக் குனிந்துகொண்டு தாண்டுகிறார். சொசைட்டி வாட்ச்மேனிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுகிறார். மாடிப்படி ஏறிக் கதவு திறந்ததும்தான் கை ஓங்குகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்த மதுவின் அளவு பெரிதாக மாறவில்லை. எதிரில் நிற்கும் ஆள்தான் மாறியிருக்கிறார். யாரை அடித்தால் திருப்பி அடி விழும், யாரை அடித்தால் விழாது என்ற கணக்கு அந்தப் போதையிலும் பிசகாமல் ஓடுகிறது.

இதைச் சொல்லும்போது உழைப்பவர்களின் குடியை மட்டும் குறிவைப்பதாக ஆகிவிடக்கூடாது. குடிக்கும் காரணங்களில் சில, மனிதனைக் குற்றம் சொல்ல முடியாதபடி கொடுமையானவை. மும்பை மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்களில் தலித் மக்களே மிகப் பெரும்பான்மை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பும் தாராவியும் தந்த தமிழர்களும் அவர்களில் உண்டு. சாக்கடைக்குள் இறங்கவும் அழுகிய குப்பையை அள்ளவும் போதை இல்லாமல் முடியாது என்று அவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். புகைப்படக் கலைஞர் சுதாரக் ஓல்வே அந்த வாழ்க்கையைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து படமெடுத்தார். கையுறையும் காலணியும் கொடுக்காத நிர்வாகம், மூக்கை மரத்துப்போகச் செய்ய ஒரு குவார்ட்டர் தேவைப்படும் வேலையைக் கொடுத்துவிட்டு, அந்தக் குவார்ட்டருக்குத் தொழிலாளியைப் பழிக்கிறது. இதில் கோபம் யார்மேல் வரவேண்டுமோ அவர்மேல் வரட்டும். ஆனால் அந்தக் கோபத்துக்கு விலை கொடுப்பவள் வீட்டில் இருக்கும் பெண்ணாக ஏன் இருக்கவேண்டும்? அவளும் அதே சாதி, அதே வறுமை. பல வீடுகளில் அதே துடைப்பமும்கூட. குடிப்பதற்கான காரணம் அடிப்பதற்கான காரணமாகத் தானாக மாறுவதில்லை. இடையில் ஒரு முடிவு இருக்கிறது, அது அவனுடையது.

சட்டம் இதை எப்போதோ புரிந்துகொண்டது. 1956-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பாஸ்தேவ் வழக்கு சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு கல்யாண விருந்து. ராணுவத்தில் ஜமேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் நன்றாகக் குடித்துவிட்டு வருகிறார். உட்கார வசதியான இடம் வேண்டுமென்று ஒரு சிறுவனைக் கொஞ்சம் நகரச் சொல்கிறார். அவன் நகரவில்லை. துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுடுகிறார், பையன் இறந்துபோகிறான். போதையில் இருந்தேன், கொல்லும் நோக்கம் இல்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தானாக விரும்பிக் குடித்தவனுக்கு, குடிக்காதவனுக்கு இருக்கும் அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அன்றைய தண்டனைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு. இன்றைய பாரதிய நியாய சம்ஹிதையில் அது 24-ஆம் பிரிவு. அவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டிருந்தால் மட்டுமே விலக்கு.

சட்டப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவு இருந்தும், ஸ்டேஷன் மேசையில் நடப்பது வேறு. மும்பை, தாணே பக்கம் வசிப்பவர்களுக்கு 'என்.சி.' என்ற இரண்டெழுத்து நன்றாகத் தெரியும். "போனேன், என்.சி. எழுதிட்டு அனுப்பிட்டாங்க" என்பது இங்கே அன்றாடப் பேச்சு. சாதாரணக் காயம் விளைவிப்பது, போலீஸ் நேரடியாக விசாரணையைத் தொடங்க முடியாத, 'நான்-காக்னிசபிள்' குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஆகவே ஒரு நோட்டில் பதிவு செய்துகொண்டு, ஒரு நகலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமை, முன்பு 498-ஏ என்று அறியப்பட்டு 2024 ஜூலை 1 முதல் புதிய சம்ஹிதையின் 85-ஆம் பிரிவாக இருப்பது, போலீஸ் உடனே எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம். ஒரே அடி, சொல்லும் விதத்தைப் பொறுத்து இரண்டு வழியில் போகிறது. 'குடிச்சுட்டு வந்து அடிச்சார்' என்று பெண் சொன்ன உடனே அது ஒரு ராத்திரியின் சில்லறைத் தகராறாகி என்.சி. நோட்டுக்குள் ஒதுங்குகிறது. 'மூன்று வருஷமாக அடிக்கிறார், போன மாதம் கையில் எலும்பு விட்டுப்போச்சு, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்' என்று சொன்னால் அது தொடர் கொடுமை. குடி என்ற சொல் முதலில் வந்துவிட்டால், பின்னால் வரவேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. என்.சி. எழுதும் கையைக் குறை சொல்வதைவிட, அந்த மேசையில் அடுத்த கேள்வியைக் கேட்கப் பழக்காத பயிற்சியைத்தான் குறை சொல்லவேண்டும்.

சரி, குடியை நிறுத்தினால்?

கோவாவில் விக்ரம் படேலும் அபிஜித் நாட்கர்னியும் சேர்ந்த குழு நடத்திய ஆய்வு ஒன்று 2017-ல் லான்செட் இதழில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த ஆண்களில், உடம்பைக் கெடுக்கும் அளவுக்குக் குடிப்பவர்கள் 377 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு அதோடு சேர்த்து, டாக்டர் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகளில் பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் அபாய நிலையைத் தாண்டியிருந்தார்கள், மற்றவர்களில் 26. அடியோடு குடியை விட்டவர்களின் பங்கும் கூடியிருந்தது. ஏழை நாடுகளில் எளிய ஆட்களைக் கொண்டே குடிக்குச் சிகிச்சை தரலாம் என்பதை நிறுவிய ஆய்வு அது. அந்த வகையில் பெரிய வெற்றி. அதே கட்டுரையில் இன்னொரு வரி இருக்கிறது. மனைவிமீதான வன்முறை இரு குழுக்களிலும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை.

மூன்று மாதம் குறுகிய காலம்தான். வன்முறையைக் குறைப்பது அந்தச் சிகிச்சையின் நோக்கமும் இல்லை. ஆனால் அதுதான் விஷயமே. குடியைப் பற்றி மட்டும் பேசினால் குடி குறையலாம். அடியைப் பற்றி யாரும் பேசாதபோது அடி ஏன் குறையவேண்டும்?

சாம்பியாவின் லுசாகா நகரில் நடந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே 248 குடும்பங்களைச் சேர்த்தார்கள். எல்லா வீட்டிலும் ஆணின் அபாயகரமான குடியும் இருந்தது, மனைவிமீதான வன்முறையும் இருந்தது. ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் அமர்வுகள். குடி, கோபம், பெண்ணின் பாதுகாப்பு, பழைய வேதனைகள் எல்லாம் ஒரே திட்டத்துக்குள். 2020-ல் வெளிவந்த முடிவில் வன்முறையும் குறைந்திருந்தது, குடியும் குறைந்திருந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், ஒப்பீட்டுக் குழுவையும் காக்கவைப்பது முறையல்ல என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பேசியவர்கள் அங்கேயும் உள்ளூர் ஆலோசகர்கள்தான். லுசாகாவில் முடிந்தது கல்யாண்–டோம்பிவிலியில் முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

குடி நின்ற பிறகும் அடி நிற்காததற்கு மருத்துவக் காரணங்களும் உண்டு. நீண்ட நாள் குடித்தவர்களிடம் மனைவிமேல் தீராத சந்தேகம் வேர்விடுவது மனநல மருத்துவர்களுக்கு நன்கு பழகிய காட்சி. யாரிடம் பேசினாய், லோக்கல் லேட்டாக வந்ததா நீ லேட்டாக வந்தாயா, போனைக் காட்டு என்று தொடங்கி, துணிமணியை முகர்ந்து பார்ப்பது வரை போகும். குடியை விட்ட பிறகும் சிலரிடம் இந்தச் சந்தேகம் மிஞ்சுகிறது. அதற்குத் தனியாக மருந்தும் கவனிப்பும் வேண்டும். போதை தெளிந்துவிட்டதே, இனிப் பயமில்லை என்று அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தும் நாட்களும் அப்படித்தான். முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்குப் பூச்சி ஊர்வதுபோலவும் யாரோ கொல்ல வருவதுபோலவும் தோன்றி எதிரில் இருப்பவரைத் தாக்குவார்கள். ஆஸ்பத்திரியில் மருந்தோடு கடக்கவேண்டிய இந்த நாட்களை, ரூமில் வைத்துப் பூட்டிக் கடக்கச் சொல்லும் உறவினர்கள் எத்தனை பேர்! பூட்டிய வீட்டுக்குள் அவரோடு இருப்பது பெரும்பாலும் மனைவியோ வயதான தாயோதான்.

லோக்கல் ரயில் பெட்டிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்க்காதவர் மும்பையில் இருக்க முடியாது. குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம் என்று வாக்குறுதி, கீழே ஒரு மொபைல் நம்பர். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையிலேயே குடிநோய்ச் சிகிச்சையில் பயன்படுகிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, சிலசமயம் உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பது மருத்துவ விதி. குழம்பில் கலந்து கொடுத்தது தெரியவந்த அன்று அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இருந்தும் பெண்கள் ஏன் வாங்குகிறார்கள்? 2019-ல் வெளியான, எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்திய ஆய்வு பதில் சொல்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு உதவி பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். சிகிச்சை இல்லாத இடத்தில் நோட்டீஸ்தான் டாக்டர்.

மதுவைத் தவிர மற்றப் போதைகளையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் பம்பாய்க்குள் வந்த பிரவுன் சுகர் ஆளைத் தூங்கவைக்கும்; மருந்து கிடைக்காத நாளில்தான் வீட்டுப் பாத்திரமும் அம்மாவின் தோடும் போகும், தடுத்தால் தள்ளுமுள்ளு. எம்.டி. என்று பையன்கள் சொல்லும் மெஃபெட்ரோன் நேர்மாறு. தூக்கமில்லாமல் விழிக்கவைத்து, சந்தேகத்தையும் வெறியையும் ஏற்றும். 2015 பிப்ரவரியில்தான் அது போதைப்பொருள் தடைச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்தது. ஆனாலும் வீட்டு வன்முறை என்று வரும்போது, சட்டப்படி கடையில் விற்கும் மதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு பெரிது.

அப்படியானால் கடையை மூடிவிடலாமா? பீகாரில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. 2024-ல் லான்செட்டின் தென்கிழக்காசியப் பிராந்திய இதழில் வந்த ஆய்வு, அக்கம்பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட்டு, அந்தத் தடையால் சுமார் 21 லட்சம் பெண்கள்மீதான கணவனின் வன்முறை தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டது. இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. என் வாதத்துக்கு எதிரான சான்று இது என்பதால் இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ளவேண்டும். மது கிடைப்பது குறைந்தால் அடியும் குறையும், உண்மைதான். ஆனால் தடை வந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த குடும்பநல ஆய்விலும் பீகாரில் 40 சதவீதப் பெண்கள் கணவனின் வன்முறையைச் சொன்னார்கள். தடை ஒரு பகுதியைக் குறைத்தது. மிச்சம் மலைபோல் நிற்கிறது. கள்ளச்சாராயச் சாவுகள் தனிக்கதை.

பம்பாய்க்கு இந்தப் பாடம் பழையது. 1949-ன் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்த பின், தாராவியின் சதுப்பு நிலத்திலும் ஆன்டாப் ஹில்லிலும் சாராய அடுப்புகள் எரிந்தன. தாதா வரதராஜ முதலியாரின் சாம்ராஜ்யம் எழும்பியது அந்த அடுப்புகளின் மேல்தான். அதனால், மகாராஷ்டிரத்தில் 2008-லிருந்து இருக்கும் ஒரு வழி எனக்குப் பிடிக்கிறது. வார்டில் 25 சதவீதத்தினர் கையெழுத்துப் போட்டால் மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். சீட்டில் இரண்டு படம்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் முத்திரை குத்தலாம். படுத்த பாட்டிலுக்கு, மராத்தியில் 'ஆட்வி பாட்லி'க்கு, போதிய வாக்கு விழுந்தால் கடை மூடவேண்டும். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது கடை மூடுவதுகூட அல்ல. கையெழுத்து வாங்கப் பெண்கள் வீடு வீடாகப் போகும்போது, ஒவ்வொரு வீட்டிலும் நடப்பது எல்லோருக்கும் தெரியவருகிறது.

டோம்பிவிலிக்கு அந்த 'எல்லோருக்கும் தெரிவது' மிகவும் தேவை. மாட்டுங்காவில் வாடகை தாங்காமலும் தாராவியில் இடம் போதாமலும், செம்பூரிலிருந்து பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பிறகும், தமிழ்க் குடும்பங்கள் மத்திய ரயில்வே தடத்தைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தன. தாராவியின் சால் குடியிருப்பில் சுவர் மெல்லியது. அடி விழுந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். எதிர் கோலி அக்கா கதவைத் தட்டி "என்னடா அங்க?" என்பாள். அடியை அது எப்போதும் தடுத்ததில்லை. சில ராத்திரிகளில் தடுத்திருக்கிறது. டோம்பிவிலியில் பிளாட்டின் இரும்புக் கதவு சாத்தியாகிவிட்டால் சொசைட்டிக்கு அது 'அவங்க பர்சனல் மேட்டர்'. பிறந்த வீடு திருநெல்வேலிப் பக்கம். சித்தி வீடு சயானில், நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட. வாழ்க்கை உயர்ந்ததற்கு அடையாளமான அந்தக் கதவு, அடிபடுபவளுக்கு என்னவாகிறது என்று வீடு வாங்கிய கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது மனைவி மட்டுமல்ல. பி.எஃப். பணத்தைப் போட்டு வீடு வாங்கிய அப்பாவும் அம்மாவும் குடிக்கும் மகனிடம் அடி வாங்குகிறார்கள், வெளியே சொல்வதில்லை. பெற்ற பிள்ளையைப் போலீஸில் எப்படிக் காட்டிக்கொடுப்பது? 2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம், துன்புறுத்தும் மகனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மகனோடு மருமகளும் வெளியே போகவேண்டுமா? அவளும் அதே கையால் அடிபடுபவள்தானே. 2020 டிசம்பரில் எஸ். வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம், மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி, குடும்ப வன்முறைச் சட்டம் பெண்ணுக்குத் தந்த இருப்பிட உரிமையைப் பறிக்க முடியாது என்றது. அடிபடும் இரண்டு பேரை ஒருவருக்கெதிராக ஒருவர் நிறுத்தாமல், அடிப்பவனை மட்டும் வெளியேற்ற இப்போது சட்டத்தில் வழி இருக்கிறது.

உதவி எங்கே கிடைக்கிறது என்பதிலும் மும்பை முன்னோடி. 1984-ல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்களுக்கான தனிப் பிரிவைத் தொடங்கியது; பின்னர் அது மாநிலமெங்கும் பரவியது. சயான் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்த அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு, தாராவியில் வன்முறைக்கு ஆளான பெண்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது. 2000-ல் மாநகராட்சியும் செஹாத் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரியில் 'திலாசா' மையத்தைத் திறந்தன. அதன் சிறப்பு எளிமையானது. கேஷுவாலிட்டிக்கு வரும் பெண் "படியில விழுந்துட்டேன்" என்கிறாள். கண்ணைச் சுற்றிக் கன்றியிருக்கிறது. முன்கையின் வெளிப்பக்கம் வீங்கியிருக்கிறது. விழுபவர் உள்ளங்கையைத்தான் ஊன்றுவார். முன்கையின் வெளிப்புறம் அடிபடுவது முகத்தை மறைக்கக் கை தூக்கியவருக்கு. அதைக் கண்டுகொள்ளவும், கூட வந்த ஆளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்கவும், கேட்டதைக் கேஸ் பேப்பரில் எழுதவும் நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி தந்தார்கள். அந்தக் கேஸ் பேப்பர் பின்னால் கோர்ட்டில் சாட்சியாகும். திலாசா இன்று மும்பை மாநகராட்சியின் பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. டோம்பிவிலி தாணே மாவட்டம். மாநகராட்சி வேறு, ஆஸ்பத்திரி வேறு. தாராவியிலிருந்து வீடு மாறி வந்தவள் தனக்குப் பழக்கமான உதவியை முலுண்ட் தாண்டும்போதே பின்னால் விட்டுவிட்டு வருகிறாள்.

கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சியின் சாஸ்திரிநகர் ஆஸ்பத்திரி, டோம்பிவிலி மேற்கில், ஏழைகள் கால்நடையாகப் போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே அடிபட்டு வரும் பெண்ணிடம் வீட்டில் யாராவது குடிக்கிறார்களா என்றும், குடிநோயோடு வரும் ஆணின் மனைவியிடமும் தாயிடமும் அவர் கை நீட்டுவாரா என்றும், இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கப்படவேண்டும். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவரும் கதவு சாத்தக்கூடிய ஒரு அறையும் போதும். கேட்டதும் சிகிச்சையும் பாதுகாப்பும் ஒரே நாளில் தொடங்கவேண்டும். 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், ஒரே மனுவில் அடிக்கக்கூடாதென்ற உத்தரவையும், வீட்டைவிட்டு அவனை விலக்கிவைக்கும் உத்தரவையும், செலவுக்குப் பணத்தையும் கேட்கலாம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் என்கிறது சட்டம். அவன் சிகிச்சைக்குப் போய்விட்டான், மனுவை வாபஸ் வாங்கிக்கொள் என்று உறவினர்களும், சில இடங்களில் ஆலோசகர்களும்கூட, அவளை நெருக்குகிறார்கள். சிகிச்சை அவனுடைய உடம்புக்கு. உத்தரவு அவளுடைய உடம்புக்கு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கைவிடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது மறுபடி எப்போது வரவேண்டும் என்று அவனுக்குத் தேதி எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டில் அவளுக்கும் ஒரு தேதி வேண்டும்: ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில், ஒரு வருடத்தில். அன்று அவளைத் தனியாக உட்காரவைத்து, குடிக்கிறாரா என்று கேட்பதற்கு முன்னால், அடிக்கிறாரா என்று கேட்கவேண்டும்.